பாரிஸ் புறநகரில் எஜென்ஸ் இல்லாமல் வீடு வாங்கலாமா?

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இதே யோசனையில் இருக்கும் மற்ற ஆக்களுக்கும் உதவும். போபினி பக்கம் வாடகைக்கு இருக்கிறீர்கள். நிரந்தர வேலை கிடைத்துவிட்டது. லெபொன்குவான் விளம்பரத் தளத்தில் சொந்தக்காரரே போட்ட விளம்பரத்தில் மூன்று பியெஸ் (அறை) வீடு ஒன்றைக் கண்டிருக்கிறீர்கள், விலை 2 லட்சம் யூரோ. எஜென்ஸ், அதாவது வீட்டுத் தரகு நிறுவனம், இல்லாமல் வாங்கினால் ஏமாந்துபோவோமா, எவ்வளவு மிச்சம் வரும் என்று கேட்கிறீர்கள்.

வாங்கலாம், பயப்பட ஒன்றுமில்லை. மிச்சத்தைப் பொறுத்தவரை, எஜென்ஸ் இருந்தால் விலையில் 4 முதல் 6 சதவீதம் வரை அவர்களுக்குப் போகும். உங்கள் விலைக்கு அது 8,000 முதல் 12,000 யூரோ. ஆனால் அந்தக் காசு முழுக்க உங்கள் பக்கம் வரும் என்று கணக்குப் போட வேண்டாம். விற்கிறவரும் அதே கணக்கைத்தான் போட்டிருப்பார். பக்கத்தில் எஜென்ஸ் போட்ட விலையைப் பார்த்துத் தன் விலையை வைத்திருப்பார். அரசாங்கத்தின் டேவேஎஃப் தளத்தில் அந்தத் தெருவில் கடந்த ஐந்து வருடங்களில் எந்த வீடு என்ன விலைக்குப் போனது என்று இலவசமாகப் பார்க்கலாம். பேரம் பேசப் போகும்போது அதைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள். நோத்தேர் (வீட்டு உறுதி எழுதும் சட்ட அலுவலர்) செலவு என்று சொல்கிறோமே, பழைய வீட்டுக்கு 7 – 8 சதவீதம், அது எப்படி வாங்கினாலும் உண்டு. அதில் பெரும்பகுதி வரிதான்.

ஏமாற்று என்றால், ஊரில் ஒரே காணியை இரண்டு பேருக்கு எழுதிக்கொடுத்த கதைகள் உங்கள் மனதில் இருக்கும். இங்கே நோத்தேர் இல்லாமல் உறுதி எழுத முடியாது. வீடு யாருடையது, வங்கி அடமானம் இருக்கிறதா, நகரசபை தானே வாங்கிக்கொள்ளும் உரிமையைப் பயன்படுத்தப்போகிறதா என்பதையெல்லாம் அவர்தான் பார்க்கிறார். நீங்களே ஒரு நோத்தேரைப் பிடியுங்கள். விற்பவருடைய நோத்தேர் ஒருவரே போதும், செலவு மிச்சம் என்று சொல்வார்கள். அப்படி ஒரு மிச்சமும் இல்லை, இரண்டு பேர் இருந்தால் அதே கட்டணத்தைத் தங்களுக்குள் பிரித்துக்கொள்வார்கள். பிரெஞ்சு போதாது என்றால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முதலே சொல்லிவிடுங்கள்.

ஆனால் நோத்தேர் வீட்டைப் போய்ப் பார்ப்பதில்லை. குளியலறைச் சுவரில் ஈரம் ஊறுகிறதா, மேல்வீட்டுக்காரர் இரவு இரண்டு மணிக்குப் பாட்டுப் போடுகிறாரா என்பது அவருக்குத் தெரியாது. எஜென்ஸ்காரரும் உங்களுக்காக அதையெல்லாம் துருவப்போவதில்லை, பெரும்பாலும் அவர் விற்பவர் பக்கத்து ஆள். எஜென்ஸ் இல்லாதபோது உண்மையில் இல்லாமல் போவது கடதாசிகளைச் சேர்த்துக் கொடுக்கும் வேலை. அதை நீங்கள் செய்ய வேண்டும், கொம்ப்ரோமியில், அதாவது முதல் விற்பனை ஒப்பந்தத்தில், கையெழுத்து வைக்க முன்னமே செய்ய வேண்டும்.

முதல் கடதாசி, கட்டட உரிமையாளர் கூட்டத்தின் கடைசி மூன்று வருட அறிக்கைகள். பலர் இதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. சமையலறை புதிதாக இருக்கிறதா என்று பார்ப்பதைவிட இது முக்கியம். எத்தனை பேர் சார்ஜ் (கட்டடப் பொதுச் செலவுப் பங்கு) கட்டாமல் இருக்கிறார்கள், மொத்த நிலுவை எவ்வளவு, கட்டடத்தை நிர்வகிக்கும் சிந்திக்கோடு வழக்கு இருக்கிறதா, எல்லாம் அதில் இருக்கும். கிரிஞ்ஞி 2, கிளிஷி-சு-புவாவின் ஷேன் புவாந்து பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். வீட்டுக்காரர்கள் சார்ஜ் கட்ட முடியாமல் போக, கடன் ஏற, திருத்த வேலைகள் நிற்க, கடைசியில் அரசாங்கமே தலையிட வேண்டி வந்த இடங்கள். அந்த அளவுக்குப் போகாத, ஆனால் அந்தப் பாதையில் இருக்கும் கட்டடங்கள் உங்கள் தொண்ணூற்றிமூன்றாம் இலக்க மாவட்டத்தில் நிறைய. விலை மலிவாகத் தெரிவதற்கு அதுதான் காரணமாக இருக்கும்.

அதே அறிக்கையில் முகப்பு வேலை, லிஃப்ட், கொதிகலன் மாற்றம் ஏதாவது வாக்கெடுப்பில் முடிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். காசு கேட்டுக் கடிதம் வரும் நாளில் யார் உரிமையாளரோ அவர்தான் கட்ட வேண்டும் என்பது விதி. விற்பவர் போன வருடம் கை தூக்கி வாக்களித்த வேலைக்கு நீங்கள் காசு கட்டுவீர்கள். முன்னமே முடிவான வேலைகள் விற்பவர் பொறுப்பு என்று கொம்ப்ரோமியில் எழுதச் சொல்லுங்கள், பெரும்பாலும் சம்மதிப்பார்கள்.

பரிசோதனை அறிக்கைகளை எடுத்துக் கொடுப்பது விற்பவர் கடமை. அதில் டேபேஏ என்பது வீட்டின் எரிசக்தித் தரம்; அந்த எழுத்து ஜி, அதாவது மிக மோசம், என்றால் 2025 ஜனவரியிலிருந்து அந்த வீட்டைப் புதிதாக வாடகைக்குக் கொடுக்க முடியாது. நீங்கள் குடியிருக்கலாம், விற்கலாம், ஆனால் விலையைக் குறைக்க அது நல்ல பிடி. கார்ரே அளவையும், அதாவது சட்டப்படி கணக்கிடும் வீட்டுப் பரப்பளவையும், வடிவாகப் பாருங்கள்: 1 மீட்டர் 80க்குக் கீழே கூரை உள்ள இடம் கணக்கில் வராது. எழுதிய அளவைவிட 5 சதவீதத்துக்கு மேல் குறைவென்றால், உறுதி முடிந்து ஒரு வருடத்துக்குள் விலையில் ஒரு பங்கைத் திருப்பிக் கேட்கலாம்.

அப்புறம் கொம்ப்ரோமி. இரண்டு பேரும் சேர்ந்து வீட்டிலேயே எழுதலாம் என்று விற்பவர் சொல்லக்கூடும். சட்டப்படி முடியும், ஆனால் நோத்தேரிடமே செய்யுங்கள். கணவன் மனைவி குடியிருக்கும் வீடென்றால் உறுதி ஒருவர் பெயரில் இருந்தாலும் இருவர் சம்மதமும் வேண்டும். கையெழுத்துக்குப் பிறகு காரணம் சொல்லாமல் விலக உங்களுக்கு 10 நாள் உண்டு, விற்பவருக்கு அது இல்லை. வங்கிக் கடன் கிடைக்காவிட்டால் முற்பணம் திரும்பும் என்ற நிபந்தனையைக் கட்டாயம் போடுங்கள். அதில் எழுதிய தொகை, வட்டி, வருடம் எதுவோ அதே கடனைத்தான் வங்கியில் கேட்க வேண்டும். வேறு மாதிரிக் கேட்டு மறுத்தால் முற்பணம் போய்விடலாம்.

முற்பணம் 5 – 10 சதவீதம், நோத்தேர் கணக்குக்கு வங்கி மூலம் மட்டும். விற்பவர் கையில் ஒரு யூரோவும் கொடுக்க வேண்டாம். “கொஞ்சத்தைக் கறுப்பில் தாருங்கள், விலையைக் குறைத்து எழுதுவோம்” என்று கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். எங்கட ஆக்களில் சிலர் வீடு காட்டிவிட்டு இரண்டாயிரம், மூவாயிரம் கையில் கேட்பார்கள். இங்கே தொழில் அட்டை இல்லாமல் அப்படித் தரகு வாங்கக் கூடாது, 1970ஆம் ஆண்டிலிருந்து சட்டம் இருக்கிறது. எஜென்ஸைத் தவிர்த்துவிட்டு ரசீது இல்லாத ஒரு தரகருக்குக் கொடுப்பதில் என்ன லாபம்?

சீட்டுக்காசைக் கைக்காசாகக் காட்டலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். சிரமம். காசு எங்கிருந்து வந்தது என்று வங்கியும் கேட்கும், நோத்தேரும் கேட்பார், சீட்டுக்குக் காட்ட ஒரு துண்டும் இராது. சம்பளத்தில் மிச்சம் பிடித்து வங்கியில் சேர்த்த காசுதான் கேள்வியில்லாத காசு. அண்ணன் கடனாகத் தருகிறார் என்றால் ஒரு ஒப்பந்தம் எழுதி, 5,000 யூரோவுக்கு மேலென்றால் வரி அலுவலகத்துக்கும் அறிவியுங்கள்.

ஒரு வருட விசாவோடு வாங்கலாமா என்றால், வாங்கச் சட்டத்தில் தடை இல்லை. கடன் தருவதில்தான் வங்கிகள் தயங்கும், பத்து வருட விசா இருந்தால் கதை வேறு. ஆகவே வீட்டைப் பார்க்க முன்னம் இரண்டு மூன்று வங்கிகளில் கேட்டுப் பாருங்கள். மாதத் தவணை, காப்புறுதி எல்லாம் சேர்த்து வருமானத்தில் 35 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, 25 வருடத்துக்கு மேல் பொதுவாகக் கொடுக்க மாட்டார்கள். மனைவியின் வேலை தற்காலிகம் என்று எழுதியிருந்தீர்கள், அந்தச் சம்பளத்தைச் சில வங்கிகள் கணக்கில் எடுக்காது, அதையும் சேர்த்துக் கேளுங்கள்.