புதன்கிழமை நாலரை மணிக்கு

அன்புள்ள ஆசிரியருக்கு வணக்கம்.

நாங்கள் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைப் பக்கம் இருக்கிறோம். மகளுக்கு 11 வயது, மகனுக்கு 8. இரண்டு வருடமாக ஹோம்ஸ்கூலிங். படிப்பைப் பற்றி எங்களுக்குக் கவலை இல்லை. ஆனால் பொள்ளாச்சியிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: "புள்ளைங்க நாலு பேரோட பழகாம எப்படிங்க?" அதற்காகவே மாதம் ஒரு முறை வெளியே கூட்டிப் போகிறோம். மலம்புழை, பாலக்காட்டுக் கோட்டை, கல்பாத்தித் தேர், கோவையில் பொருட்காட்சி என்று எல்லாம் போயாயிற்று. திரும்பி வந்ததும் மகள், "அங்க எனக்கு யாரையும் தெரியலையேம்மா" என்கிறாள்.

மார்ச் மூன்றாம் ஞாயிறு அவள் பிறந்தநாள். 14 பிள்ளைகளின் வீட்டுக்கு வாட்ஸ்அப்பில் அழைப்பு அனுப்பினோம். வந்தது மூன்று பேர். அவர்களும் ஒரு மணி நேரத்தில் கிளம்பிவிட்டார்கள். இப்போது அவளுக்கு இருக்கும் ஒரே சிநேகிதி, செஸ் தளத்தில் நான்கு மாதமாக விளையாடும் ஒரு பெண். மதுரையாம், 12 வயதாம். வாட்ஸ்அப்பில் பேசலாம் என்கிறாள். காலாண்டு விடுமுறையில் கோவை வருவாளாம், நேரில் பார்க்கலாம் என்கிறாள். டேப்லெட்டைப் பிடுங்கி வைத்துவிடலாம் என்கிறார் கணவர். எனக்கு மனசு வரவில்லை. என்ன செய்யட்டும்? ஓணமும் வருகிறது. அதை வைத்து ஏதாவது செய்ய முடியுமா?

பெயர் வேண்டாம்.

*

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகள் சொன்ன ஒற்றை வரியில் உங்கள் கேள்விக்குப் பதில் இருக்கிறது. நீங்கள் பிள்ளைகளுக்கு ஊரைக் காட்டியிருக்கிறீர்கள். அது வீண் இல்லை. அகழியைக் கண்ணால் பார்த்த பிள்ளைக்கு, ஹைதர் அலி 1766-ல் பாலக்காட்டில் ஏன் கோட்டை எழுப்பினார் என்பதையும் கணவாயின் அருமையையும் சொல்லிப் புரியவைப்பது சுலபம். ஆனால் சிநேகிதம் வேறு வழியில் வருவது. அதே முகம், அதே இடம், திரும்பத் திரும்ப. நடுவில் பெரியவர்கள் தலையிடாத கொஞ்ச நேரம். இவ்வளவுதான் அதற்கு வேண்டும். பள்ளிக்கூடம் இதை யோசிக்காமலே கொடுத்துவிடுகிறது. கல்வி உரிமைச் சட்டப்படி ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 நாள், அதற்கு மேல் எட்டு வரை 220 நாள் பள்ளி நடக்க வேண்டும். அத்தனை நாளும் அதே வகுப்பு, அதே பிள்ளைகள். உங்கள் கணக்கில் ஆண்டுக்கு 12 நாள். பன்னிரண்டிலும் வேறு வேறு கூட்டம். இதில் யார் யாருக்குச் சிநேகிதமாக முடியும்?

ஆகவே மாதப் பயணத்தை இரண்டு மாதத்துக்கு ஒன்றாகக் குறைத்து, மிஞ்சும் தெம்பை வாரம் ஒரு சந்திப்புக்குக் கொடுங்கள். கிழமையும் மணியும் இடமும் மாறவே கூடாது. புதன் மாலை 4.30 முதல் 6.30 வரை என்று வைத்துக்கொள்வோம். அந்த நேரத்துக்குக் காரணம் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் வீடு திரும்பிப் பலகாரம் சாப்பிட்டு முடிப்பது அப்போதுதான். பாதிப் பேருக்கு ஆறரைக்கு மேல் டியூஷன். காலையில் உங்களுக்கு எவ்வளவு ஓய்வு இருந்தாலும் அது அவர்களுக்கு உதவாது. வீட்டுக்கல்விக் குடும்பங்கள் மட்டும் சேர வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். எல்லை ஊரில் நடக்கிற தூரத்தில் அப்படி ஐந்து குடும்பம் கிடைப்பது அபூர்வம். அக்கம்பக்கத்தில் நாலைந்து வீடு, 6 முதல் 12 வயது வரை கலந்து எட்டுப் பிள்ளைகள் போதும். வயது கலந்திருப்பதால் உங்கள் மகனுக்கும் ஆள் கிடைக்கும்.

இடத்தை வீட்டுக்கு வீடு மாற்றுகிறேன் என்று சொல்வார்கள், ஒப்புக்கொள்ளாதீர்கள். பிள்ளைகள் போன வாரம் விட்ட விளையாட்டை விட்ட இடத்தில் தொடர்வார்கள். அவர்கள் கட்டிய குச்சி வீடும் கிழித்த கோடும் அங்கேயே இருக்க வேண்டும். களமோ தோப்பு ஓரமோ போதும். கிணறும் வாய்க்காலும் பக்கத்தில் இல்லாத இடமாகப் பாருங்கள். இடம் மாறாமல் இருக்கட்டும், தீனி மட்டும் முறை வைத்து மாறட்டும். அதிலும் எல்லை போடுங்கள்: வேகவைத்த நிலக்கடலை அல்லது வாழைப்பழம், மோர். இதைச் சொல்லாமல் விட்டால் மூன்றாம் வாரம் ஒரு வீட்டில் பப்ஸும் கேக்கும் வரும், நாலாம் வாரம் முறை வைத்த வீடு சத்தமில்லாமல் நின்றுவிடும். முதல் அரை மணி எல்லாரும் சேர்ந்து ஒரு வேலை, மீதி ஒன்றரை மணி முழுக்க அவர்களுடையது. பெரியவர்கள் இரண்டு பேர் கண்ணுக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்தால் போதும். சண்டை வந்தால் அடி விழாதவரை எழுந்து போகாதீர்கள். சமாதானம் ஆகிற வித்தை சண்டையில்தான் பழகும்.

இப்படிப்பட்ட கூட்டங்கள் கலைவது பெரும்பாலும் இரண்டு காரணத்தால். ஒன்று, "இன்னைக்கு ரெண்டு பேர்தான் வர்றாங்க, அடுத்த வாரம் வெச்சுக்கலாம்" என்று தள்ளிவைப்பது. இரண்டு முறை தள்ளினால் மூன்றாம் முறை யாரும் வரமாட்டார்கள். ஒரே ஒரு பிள்ளை வந்தாலும் நடத்துங்கள். மற்றது, யாராவது ஒரு பெற்றோர் இதை வகுப்பாக மாற்றுவது: ஸ்போக்கன் இங்கிலீஷ், அபாகஸ். அன்றைக்கே அந்தக் கூட்டத்தின் உயிர் போய்விடும். எட்டு வாரம் விடாமல் நடந்த பிறகு பலன் உண்டா என்று பாருங்கள். நாலு வாரத்தில் முடிவுகட்டாதீர்கள்.

மொழி விஷயம் ஒன்று. உங்கள் பகுதியில் தமிழ் வழிப் பள்ளிகளும் உண்டு, ஆனால் மைதானத்தில் மலையாளமும் கலந்தே ஓடும். வீட்டிலேயே இருக்கும் பிள்ளைக்கு விளையாட்டு மலையாளம் வராமல் போய்விடுகிறது. எழுத்து பிறகு வரட்டும். "ஞானும் களிக்கான் வரட்டே?" (நானும் விளையாட வரட்டுமா?) என்ற ஒரு வரியைத் தயங்காமல் கேட்கப் பழக்குங்கள். கிராம நூலகத்தில் பாலவேதி, அதாவது பிள்ளைகள் மன்றம், இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். கேரள நூலக இயக்கத்தின் முன்னோடி பி. என். பணிக்கரின் நினைவுநாளான ஜூன் 19-ல் வாசிப்பு தினம் கொண்டாடும் மாநிலம் இது. நூலகங்களில் பிள்ளைகளுக்கென்று தனிக் கூட்டம் நடத்தும் வழக்கம் இங்கே வேரூன்றியது. எந்தப் பள்ளி என்று கேட்காமல் சேர்த்துக்கொள்ளும் இடங்களில் அதுவும் ஒன்று.

இனி பிறந்தநாள். உங்கள் மகளை யாரும் ஒதுக்கவில்லை, தேதிதான் தப்பு. மார்ச் கேரளப் பள்ளிகளுக்கு ஆண்டுத் தேர்வு மாதம். பள்ளி நாட்காட்டி வீட்டில் இல்லாததால் வருகிற பிழை இது, வீட்டுக்கல்விக் குடும்பங்கள் பலரும் செய்வது. இரண்டு மாநிலத்தின் நாட்காட்டியையும் சுவரில் மாட்டுங்கள். கேரளத்தில் ஓணப் பரீட்சை, கிறிஸ்துமஸ் பரீட்சை, மார்ச்சில் ஆண்டுத் தேர்வு. ஏப்ரலும் மேயும் விடுமுறை. கோபாலபுரமோ வேலந்தாவளமோ தாண்டித் தமிழ்நாட்டுக்குள் போனால் செப்டம்பரில் காலாண்டு, டிசம்பரில் அரையாண்டு, ஏப்ரலில் முழு ஆண்டுத் தேர்வு. உங்கள் பக்கத்துப் பிள்ளைகள் ஏப்ரலில் ஆடிக்கொண்டிருக்கும்போது பொள்ளாச்சிப் பிள்ளைகள் பரீட்சை எழுதிக்கொண்டிருப்பார்கள். அடுத்த வருடம் பிறந்தநாளன்று வீட்டில் பாயசம் வையுங்கள். பிள்ளைகளை அழைப்பது ஏப்ரல் முதல் வாரம், விஷுவுக்கு முன்.

பதினான்கு பேர் வேண்டாம். அவள் பெயர் சொல்லி விரும்பும் ஆறு பேர் போதும். பத்து நாள் முன்னால் அவரவர் அம்மாவிடம் போனில் பேசி அழையுங்கள். ஒரே செய்தியைப் பதினான்கு பேருக்கு அனுப்பினால் அதை யாரும் தனக்கு வந்த அழைப்பாக எடுத்துக்கொள்வதில்லை. மாலை 4 முதல் 6.30 வரை. வந்தவர்கள் ஒரு மணி நேரத்தில் கிளம்பியதற்கும் காரணம் உண்டு. கேக் வெட்டித் தின்று முடித்ததும் செய்ய ஒன்றும் இல்லாமல் போயிருக்கும். பள்ளிப் பிள்ளைகள் தங்கள் டீச்சரையும் வகுப்பையும் பற்றிப் பேச ஆரம்பித்திருப்பார்கள், உங்கள் மகள் வெளியே நின்றிருப்பாள். எல்லாரும் ஒரே இடத்திலிருந்து தொடங்குகிற வேலை கொடுங்கள். பட்டம் ஒட்டுவது நல்லது: ஆளுக்கு ஒரு தாள், இரண்டு ஈர்க்குச்சி, பசை, நூல். ஒட்ட முக்கால் மணி, விட முக்கால் மணி. மின்கம்பி இல்லாத வெட்டவெளியில் விடுங்கள். கேக்கைக் கடைசி அரை மணிக்குத் தள்ளுங்கள்.

ஓணம் பற்றிக் கேட்டீர்கள். இந்த ஒரு பண்டிகை உங்களுக்கென்றே வந்ததுபோல் இருக்கிறது. அத்தம் முதல் திருவோணம் வரை பத்து நாள், தினமும் காலையில் அதே வாசலில் பூக்களம், அதாவது பூக்கோலம். பத்து நாள் தொடர்ந்து அதே பிள்ளைகள் சேர்வதற்கு இதைவிட நல்ல சாக்கு கிடையாது. முதல் நாள் ஒரே வளையம், தும்பைப் பூ மட்டும், ஒன்றரை அடி விட்டம் போதும். நாளுக்கொரு வளையம் கூட்டுங்கள். காலை ஆறரைக்குப் பூப்பறிக்கக் கிளம்பினால் பள்ளி நாட்களிலும் ஏழரைக்குள் முடிந்துவிடும். பலர் கோட்டைவிடுவது அளவில்தான். விட்டம் இரண்டு மடங்கானால் பூ நாலு மடங்கு வேண்டும். ஒன்றரை அடிக்கு ஒரு கூடை பிடித்தால் மூன்றடிக்கு நாலு கூடை. ஐந்தாம் நாளே பூ தீர்ந்து சந்தைக்கு ஓடுவது இந்தக் கணக்கைப் போடாததால். இதை மகனிடம் விடுங்கள். எட்டு வயதுக்குச் சரியான கணக்கு. முந்தின நாள் மாலையே சாக்பீஸையும் நூலையும் ஆணியையும் வைத்து வட்டம் போட்டுவிடுங்கள். இதழ்களை ஈரத்துணி மூடி வைத்தால் காலைவரை வாடாது. வடிவத்தைப் பிள்ளைகளே தீர்மானிக்கட்டும். பெரியவர்கள் கை வைத்துத் திருத்தினால் மறுநாள் இரண்டு பேர் வரமாட்டார்கள்.

பொங்கலுக்கு அந்தக் கூட்டத்தையே உங்கள் வீட்டுக்கு அழையுங்கள். தைப்பொங்கலன்று கேரளத்தில் உள்ளூர் விடுமுறை விடும் ஆறு மாவட்டங்களில் பாலக்காடும் ஒன்று, ஆகவே மலையாளப் பிள்ளைகளுக்கும் அன்று பள்ளி இல்லை. கொங்குப் பக்கத்துப் பூப்பறிக்கிற நோன்பைக் காணும் பொங்கலன்று அவர்களோடு சேர்ந்து செய்யுங்கள். ஆவாரம்பூவும் கும்மியும் போதும். கல்பாத்தித் தேரையும் சித்தூர்க் கொங்கன் படைத் திருவிழாவையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவற்றைக் குடும்பமாகப் பார்த்துவிட்டு வாருங்கள். அங்கே பழக்கம் பிடிக்கும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

இன்னொன்று: பறவை ஆர்வலர்கள் ஓணம் சமயத்தில் கேரளத்திலும் பொங்கல் சமயத்தில் தமிழ்நாட்டிலும் பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று, கண்டதையும் கேட்டதையும் எண்ணி, பெற்றோர் கணக்கிலிருந்து இ-பேர்ட் என்ற பறவைப் பதிவுத் தளத்தில் பதிய வேண்டும். ஒரு பைனாகுலரும் ஒரு நோட்டும் போதும். வெட்கப்படும் பிள்ளைக்கு இது மிக நல்லது. பேச வேண்டிய கட்டாயம் இல்லாமலே பக்கத்தில் நிற்கலாம்.

கடைசியாக மதுரைச் சிநேகிதி. டேப்லெட்டைப் பிடுங்க வேண்டாம் என்று உங்கள் கணவரிடம் சொல்லுங்கள். அவர் பயம் நியாயமானது, வழிதான் தவறு. சொன்னால் பறிபோகும் என்று தெரிந்த பிள்ளை அடுத்த முறை சொல்லாது. ஆபத்து வருவதே அங்கேதான். "எது வந்தாலும் எங்ககிட்ட சொல்லு, உன் செஸ்ஸை நிறுத்த மாட்டோம்" என்று இருவரும் சேர்ந்து வாக்குக் கொடுங்கள், அதைக் காப்பாற்றுங்கள்.

எதிரில் இருப்பது 12 வயதுப் பெண்தான் என்பதற்கு இதுவரை ஒரு சான்றும் இல்லை. முதலில் இரண்டு அம்மாக்களும் வீடியோவில் பேச வேண்டும். அதுவரை வாட்ஸ்அப் இல்லை, போட்டோ இல்லை, ஊர் அடையாளம் இல்லை. வாட்ஸ்அப்பின் விதிப்படியே சொந்தக் கணக்குக்கு 13 வயது ஆக வேண்டும், இரண்டு பேருக்கும் ஆகவில்லை. "கேமரா ரிப்பேர்" என்று ஒவ்வொரு முறையும் சாக்குச் சொல்வது, "வீட்ல சொல்லாத" என்பது, வேறு செயலிக்கு வா என்று அவசரப்படுத்துவது, கேம் காசு தருகிறேன் என்பது, படம் கேட்பது: இவற்றில் ஒன்று தென்பட்டாலும் பேச்சை நிறுத்துங்கள். ஆனால் உரையாடலை அழித்துவிடாதீர்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு சைபர் குற்ற உதவி எண் 1930-லோ சிறார் உதவி எண் 1098-லோ பேசுங்கள். மகனும் செஸ் ஆட ஆரம்பித்தால் லிசெஸ் என்ற செஸ் தளத்தில் சிறுவர் முறை இருக்கிறது. அதை இயக்கினால் அரட்டையும் செய்தியும் நின்று ஆட்டம் மட்டும் இருக்கும்.

அம்மா நிஜம், பெண்ணும் நிஜம் என்று தெரிந்தால் அந்தச் சிநேகிதத்துக்கும் ஒரு கிழமை கொடுங்கள். ஞாயிறு காலை 11 மணி, ஜூமின் இலவசக் கணக்கில் 40 நிமிடம், கூடத்தில் உட்கார்ந்து. வெறுமே பேசச் சொன்னால் பத்து நிமிடத்தில் தீர்ந்துபோகும். இரண்டு பேரும் ஒரே செஸ் புதிரைப் போடட்டும், ஒரே படத்தை வரையட்டும். இரண்டு மாதம் இப்படி ஓடிய பிறகு கோவையில் பார்க்கலாம். பகலில், ஆள் நடமாட்டமுள்ள பொது இடத்தில், இரண்டு குடும்பமும் முழு நேரமும் உடனிருந்து, ஒரு செஸ் பலகையோடு. இந்தக் காலாண்டு விடுமுறைக்குள் அது முடியாது என்று மகளிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். அரையாண்டு விடுமுறை இருக்கிறது.

பேச்சை எப்படித் தொடங்குவது என்று தயங்குவீர்கள். இப்படி எழுதலாம்: "வணக்கங்க. உங்க பொண்ணோட செஸ் விளையாடுற பிள்ளையோட அம்மா நான். ரெண்டு பேரும் நாலு மாசமாப் பழகுறாங்க. நாமளும் ஒரு தடவை வீடியோவுல பேசிக்கிட்டா நல்லா இருக்கும். எப்ப வசதிப்படும்னு சொல்லுங்க." மகள் கணக்கிலிருந்தே, அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அனுப்புங்கள். உங்கள் போன் எண்ணைக்கூட இந்தக் கட்டத்தில் தர வேண்டாம். வீடியோ இணைப்பை அனுப்பினாலே போதும். ஒரு வாரம் பொறுங்கள்.