பெலாரஸ் 2020 தேர்தல்: கேட்டவையும் பதில்களும்

கேள்வி: உண்மையில் யார்தான் ஜெயித்தார்?

தேர்தல் ஆணையத்தின் கணக்கில் அதிபர் லுகஷென்கோவுக்கு 80.1 சதவீதம், அவரை எதிர்த்து நின்ற சிஹனோவ்ஸ்காயாவுக்கு 10.1. யாரும் நம்பாததற்குக் காரணம் உண்டு. சிஹனோவ்ஸ்காயாவின் ஆதரவாளர்கள் கையில் வெள்ளைப் பட்டை கட்டி வந்து, சீட்டை விசிறி மாதிரி மடித்துப் பெட்டியில் போட்டார்கள். அதைப் படமெடுத்து, ஓட்டைத் தனியாக எண்ணிய ‘கோலஸ்’ என்ற இணையதளத்துக்கும் அனுப்பினார்கள். சில சாவடிகளில், அவருக்கு விழுந்ததாக அறிவித்த ஓட்டைவிட அந்தத் தளத்துக்கு வந்து சேர்ந்த படங்களே அதிகம்!

கேள்வி: லுகஷென்கோ எப்போதுமே ரஷ்யாவின் ஆள்தானே சார்?

அதுதான் இல்லை. 2020 பிப்ரவரியில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் பாம்பியோ பெலாரஸ் தலைநகர் மின்ஸ்க் வந்து போனார். ஜூலைக் கடைசியில், தேர்தலுக்குப் பத்துப் பதினோரு நாள் இருக்கும்போது, ரஷ்யாவின் வாக்னர் கூலிப்படை ஆட்கள் 33 பேரைப் பிடித்து உள்ளே வைத்தார் லுகஷென்கோ. இரு பக்கமும் பேரம் பேசியே காலம் தள்ளியவர் அவர். தேர்தல் முடிந்ததும் தெருவில் லட்சக்கணக்கானோர் திரண்டார்கள், மேற்கு நாடுகள் கதவைச் சாத்தின. அப்புறம் எங்கே போவார்? வாக்னர் ஆட்களை ஊருக்கு அனுப்பிவைத்தார். செப்டம்பரில் ரஷ்யாவின் சோச்சிக்குப் போய் புதினிடம் 150 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் வாங்கி வந்தார். 2022 பிப்ரவரியில் ரஷ்யப் படை உக்ரைன் தலைநகர் கீவை நோக்கி இறங்கியது பெலாரஸ் மண்ணிலிருந்துதான். கடனுக்கு வட்டி என்று நான் சொல்வேன்.

கேள்வி: ஐரோப்பா உடனே தடை போட்டதா?

எங்கே! துருக்கி மீதும் நடவடிக்கை வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்கும் சைப்ரஸ் முட்டுக்கட்டை போட, அக்டோபர் வரை இழுத்தது. முதல் பட்டியலில் 40 பேர். லுகஷென்கோ பெயரே அதில் இல்லை. நவம்பரில்தான் சேர்த்தார்கள்.

கேள்வி: விமானத்தை மடக்கிய கதை?

2021 மே 23. ஏதென்ஸிலிருந்து லிதுவேனியாவின் வில்னியுஸ் போன ரயன்ஏர் விமானத்தை, குண்டு இருக்கிறது என்று சொல்லி மின்ஸ்கில் இறக்கினார்கள். குண்டு இல்லை, அவர்கள் தேடிய எதிர்ப்புப் பத்திரிகையாளர் பிரதசேவிச் இருந்தார். தடைகள் இறுகியது அதற்குப் பிறகுதான்.

கேள்வி: நான் வாழை போடுகிறவன். எனக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

உங்கள் பொட்டாஷ் உர மூட்டை. தடைகளுக்கு முன் உலக உற்பத்தியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு பெலாரஸுடையதாக இருந்தது. நாம் பொட்டாஷுக்கு இறக்குமதியைத்தான் நம்பியிருக்கிறோம். அவர்கள் சரக்கு லிதுவேனியாவின் கிளைபேடா துறைமுகம் வழியாகத்தான் அப்போது கப்பலேறி வந்தது. 2022 பிப்ரவரியில் லிதுவேனியா அந்த ரயில் வழியை அடைத்தது. அதே மாதம் போரும் வந்தது. விலை எகிறியதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

கேள்வி: இப்போது என்ன நிலைமை?

2025 ஜனவரியில் இன்னொரு தேர்தல். இந்த முறை 86.8 சதவீதமாம். அதே ஆண்டு அமெரிக்காவோடு பேரம் மறுபடி தொடங்கியது. செப்டம்பரில் 52 கைதிகளை விட்டதும் பெலாரஸின் பெலாவியா விமான நிறுவனம் மீதான அமெரிக்கத் தடை தளர்ந்தது. டிசம்பரில் 123 பேரை விட்டார்கள், நோபல் பரிசு பெற்ற பியாலியாட்ஸ்கியும் அதில் ஒருவர். அதற்குப் பதிலாக விலகியது பொட்டாஷ் மீதான அமெரிக்கத் தடை.