பூவைத் தொட மாட்டேன் என்கிறார் அம்மா

கேள்வி: உசிலம்பட்டி பக்கம் கிராமம். அம்மாவுக்கு 52 வயது. மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து, நான்கு கீமோ ஏறியிருக்கிறது. அவரிடம் "சாதாரணக் கட்டி" என்றுதான் சொல்லி வைத்திருக்கிறோம். ஒரு மாதமாக யாரிடமும் பேச்சில்லை, ராத்தூக்கம் இல்லை. தினமும் மல்லிகை கட்டி விற்றவர், இப்போது பூவைத் தொடுவதே இல்லை. "எனக்காகக் காசைக் கரைக்காதீங்க" என்கிறார். மனநல டாக்டரிடம் காட்டலாமா என்றால், "பைத்தியம்னு பேர் வாங்கணுமா?" என்கிறார் மாமா. என்ன செய்வது?

பதில்: காட்டலாம், காட்ட வேண்டும். ஆனால் அதற்கு முன்னால், பூ ஏன் வேண்டாம் என்று அம்மாவிடமே கேளுங்கள். கீமோ ஓடும் நாட்களில் பலருக்கு மூக்கும் நாக்கும் மாறிப்போகும், பிடித்த வாசமே குமட்டும். மல்லிகை வாசம் அப்படி ஆகியிருக்கலாம். அல்லது முடி கொட்டிய தலையோடு பூவைப் பார்ப்பதே வேதனையாக இருக்கலாம். அல்லது பூ மட்டுமில்லாமல் பேரப்பிள்ளை, சாமி, சமையல் என எதிலுமே மனசு ஒட்டாமல் போயிருக்கலாம். முதலாவது என்றால் கீமோ டாக்டரிடம் சொல்லுங்கள், குமட்டலுக்கு நல்ல மருந்துகள் உண்டு. இரண்டாவதற்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க ஒரு ஆள் வேண்டும். மூன்றாவது இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். மனநல மருத்துவர் தேவைப்படுவது அங்கேதான்.

இதை இவ்வளவு பிரித்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அசதி, பசியின்மை, தூக்கமின்மை மூன்றும் மனச்சோர்விலும் வரும், கீமோவிலும் வரும். அவற்றை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது. "நான் பாரம்", "இனி எதுக்கு" என்ற பேச்சுதான் எனக்குப் பெரிய அடையாளம். கூடவே உடம்பையும் பார்க்கச் சொல்லுங்கள்: ரத்தசோகை, தைராய்டு, அடங்காத வலி. கீமோவோடு கொடுக்கும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையே சிலருக்குத் தூக்கத்தைக் கெடுக்கும். அதைக் காலையிலேயே எடுக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

அடுத்தது, "சாதாரணக் கட்டி". உங்கள் அன்பு புரிகிறது. ஆனால் முடி கொட்டி, அக்கம்பக்கத்துக் கட்டிலில் எல்லாம் கீமோ ஏறுவதைப் பார்த்த பெண்ணுக்கு அநேகமாக எல்லாம் தெரிந்திருக்கும். உங்களுக்காக அவரும், அவருக்காக நீங்களும் வாயை மூடிக்கொண்டிருக்கிறீர்கள். பயத்தைச் சொல்ல வீட்டில் ஆளில்லாமல் போனதுதான் மிச்சம். ஒருநாள் சாயங்காலம் மெதுவாகக் கேளுங்கள்: "டாக்டர் சொன்னதுல உனக்கு என்னம்மா புரிஞ்சது?" அவர் கேட்பதற்கு மட்டும் உண்மையாகப் பதில் சொல்லுங்கள். அழுதால் அழட்டும், "தைரியமா இரு" என்று சொல்லி அடக்காதீர்கள்.

புற்றுநோய்ப் பிரிவுகளில் மனவேதனையை 0 முதல் 10 வரை மதிப்பிடச் சொல்லும் ஒரு அளவுகோல் உண்டு. 4 அல்லது அதற்கு மேல் வந்தால் விரிவாக விசாரிக்க வேண்டும். வீட்டில் அதையே பத்துப் படி ஏணியாகச் சொல்லிக் கேட்கலாம். எந்தப் படி என்பதைவிட, அந்தப் படிக்கு ஏற்றியது எது என்பது முக்கியம். உங்கள் அம்மா அதை ஏற்கெனவே சொல்லிவிட்டார்: காசு. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. அதில் சிகிச்சை நடந்தால் அந்தத் தாளை அவர் கையில் கொடுத்து, இதுவரை வீட்டுப் பணம் எவ்வளவு செலவானது என்று கணக்கைக் காட்டுங்கள். மதுரைக்கு ரயிலில் வந்தால், மருத்துவமனைச் சான்றைக் காட்டி நோயாளிக்கும் துணைக்கும் இரண்டாம் வகுப்பில் 75 சதவீதச் சலுகை வாங்கலாம்.

இன்னொன்று, நீங்கள் எழுதாதது. அம்மாவுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைத்திருக்கிறீர்களா? இருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். புற்றுநோய் ஒட்டாது. நாளைக்குக் 'கரண்ட்' (கதிர்வீச்சு சிகிச்சை) வைத்தாலும், வெளியிலிருந்து மெஷினில் வைக்கிற கதிர் உடம்பில் தங்காது, பேரப்பிள்ளை தாராளமாக மடியில் உட்காரலாம். சளி, காய்ச்சல் உள்ளவர்கள் மட்டும் அம்மாவிடமிருந்து தள்ளி இருக்கட்டும்.

"காசைக் கரைக்காதீங்க" என்பதன் அடியில் வேறு எண்ணம் இருக்கிறதா என்று நேரடியாகக் கேளுங்கள்: "செத்துப்போயிடலாம்னு தோணுதாம்மா?" கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. ஆமாம் என்றால் தனியே விடாதீர்கள். பூச்சிமருந்தையும் மாத்திரைகளையும் வீட்டிலிருந்து அப்புறப்படுத்துங்கள், அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணமில்லை.

மாமாவிடம் இப்படிச் சொல்லுங்கள்: மனச்சோர்வு மாத்திரை தூக்க மாத்திரையும் அல்ல, போதையும் அல்ல. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது. போகும்போது எல்லா மாத்திரைச் சீட்டையும் எடுத்துப் போங்கள். பின்னாளில் டமாக்சிபென் (மார்பகப் புற்றுநோய் திரும்பாமலிருக்கச் சிலருக்குக் கொடுக்கும் மாத்திரை) கொடுத்தால் இது இன்னும் முக்கியம், ஏனென்றால் ஃப்ளூக்ஸெடின், பராக்ஸெடின் போன்ற மனச்சோர்வு மாத்திரைகள் அதன் வேலையைக் குறைக்கலாம். வேறு மாத்திரையை டாக்டர் தேர்ந்தெடுப்பார்.

அப்புறம் நீங்கள். ஒரு மாதமாக நீங்களும் தூங்கியிருக்க மாட்டீர்கள். அடுத்த கீமோவுக்கு மாமாவைத் துணைக்கு அனுப்புங்கள், அன்று பகல் முழுக்க நீங்கள் படுத்துத் தூங்குங்கள்.