வீட்டில் பார்க்கச் சொன்ன வீடியோ மாணவர்களுக்குப் புரிந்ததா என்று ஆன்லைனில் எப்படிச் சோதிப்பது?

"பார்த்தாச்சு சார்" என்று எல்லோரும்தான் சொல்வார்கள், அதை நம்பிப் பாடத்தை நகர்த்த முடியாது. எட்பசில் (Edpuzzle) என்ற இணையக் கருவியில் போட்டுப் பாருங்கள். யூடியூப் வீடியோவை எடுத்து, வேண்டாததை வெட்டிவிட்டு, நடுநடுவே கேள்வி செருகலாம். அந்த இடம் வந்ததும் வீடியோ தானாக நின்றுவிடும். ஓட்டிவிட்டுப் பார்ப்பதையும் தடுக்கலாம். யார் எதுவரை பார்த்தார், எந்தப் பகுதியைத் திரும்பத் திரும்பப் பார்த்தார் என்பதும் தெரியும், என்னைக் கேட்டால் மதிப்பெண்ணைவிட அதுதான் உபயோகம். இலவசக் கணக்கில் வீடியோ எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு.

ஆனால் கேள்வி சப்பையாக இருந்தால் எந்தக் கருவியும் வீண்தான். ஒளிச்சேர்க்கை வீடியோவுக்கு "இலைக்குப் பச்சை நிறம் தருவது எது?" என்று கேட்டால், பச்சையம் என்று காதில் விழுந்ததைத் தட்டிவிட்டுப் போய்விடுவார்கள். "செடியை இரண்டு நாள் இருட்டில் வைத்த பிறகு இலையில் அயோடின் விட்டால் ஏன் கருநீலம் வருவதில்லை?" என்று கேட்டு, ஒரு வரியாவது சொந்தமாக எழுத வையுங்கள். கொள்குறி வினாவைக் கருவியே திருத்திவிடும், சொந்தமாக எழுதிய விடையை நீங்கள்தான் உட்கார்ந்து படிக்க வேண்டும், வேறு வழியில்லை, அதனால் மூன்று நாலு கேள்விக்கு மேல் வேண்டாம்.

கூகுள் படிவத்திலும் வீடியோவை வைத்துக் கீழே கேள்வி கேட்கலாம், ஆனால் பார்த்தார்களா என்று அது சொல்லாது. அப்புறம், உங்கள் கல்லூரியில் மூடில் (Moodle) என்ற இணையவழிப் பாடத்தளம் இருந்தால், அதிலேயே எச்ஃபைவ்பி (H5P) என்ற ஊடாடும் பாடம் உருவாக்கும் கருவி மூலம், வீடியோவுக்கு நடுவே கேள்வி செருகுவதைச் செய்துவிடலாம்.