எட்டு தடவை எழுப்பினாலும் எழுந்திருக்க மாட்டேன் என்கிறான்

வணக்கம் மேடம். என் மகனுக்கு 15 வயது. பள்ளி வேன் 7.15க்கு வந்துவிடும். 5.45க்கு முதல் குரல் கொடுப்பேன், "ம்ம்" என்பான், அவ்வளவுதான். ஆறு மணிக்கு ஃபேனை நிறுத்துவேன், ஆறே காலுக்குப் போர்வையை உருவுவேன், ஆறரைக்குக் கத்த ஆரம்பிப்பேன், அப்புறம் அவனும் கத்துவான். சாப்பிடாமல், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வேன் ஏறுகிறான். செவ்வாய்க்கிழமை என்றால் இன்னும் மோசம், பல நாள் வேனையே விட்டுவிடுகிறான். மூன்று அலாரம் வைத்தும் தூக்கத்திலேயே அணைத்துவிடுகிறான். ஆனால் ஃபுட்பால் மேட்ச் இருந்தால் ஐந்து மணிக்கு, யாரும் எழுப்பாமலே, குளித்துக் கிளம்பி நிற்கிறான்! அப்போ இது சோம்பேறித்தனம்தானே? ராத்திரி பத்தரைக்குப் படுக்கப் போனாலும் பன்னிரண்டரை வரை போனும் கையுமாகத்தான் இருக்கிறான். ஞாயிறு மதியம் 12 வரை தூக்கம். "நீ செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டே" என்று சொல்லும் என் கணவர், எழுப்ப மட்டும் வர மாட்டார். போன வாரம் ஆத்திரத்தில் அவன் முகத்தில் தண்ணீரை ஊற்றிவிட்டேன். ஒன்றும் சொல்லாமல் என்னைப் பார்த்தான். அதிலிருந்து சரியாகப் பேசுவதில்லை.

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் அந்தத் தண்ணீர். இன்றைக்குச் சாயங்காலம் அவனிடம் "அன்னைக்கு நான் செஞ்சது தப்பு" என்று சொல்லிவிடுங்கள். கூடவே "ஆனா நீ மட்டும்..." என்று இழுக்காதீர்கள், சொன்ன மன்னிப்பு அதோடு போய்விடும்.

சோம்பேறித்தனமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் இல்லை. பருவ வயதில் உடம்புக்குள் இருக்கும் கடிகாரமே பின்னால் தள்ளிப்போகிறது. தூங்கும் நேரம் வந்துவிட்டது என்று உடம்புக்குச் சொல்லும் மெலடோனின், சின்ன வயதில் சுரந்ததைவிட ஒன்றிரண்டு மணி நேரம் தாமதமாகச் சுரக்கிறது. பத்தரைக்குப் படுத்தாலும் தூக்கம் வராது, தூக்கம் வராதவன் கை போனைத் தேடும், போன் வெளிச்சமும் அதில் ஓடுவதும் தூக்கத்தை இன்னும் தள்ளிவிடும். 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். பன்னிரண்டரையிலிருந்து 5.45 வரை எண்ணிப் பாருங்கள், ஐந்தே கால் மணி நேரம்! அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2014-லேயே, இந்த வயதுப் பிள்ளைகளுக்குப் பள்ளி 8.30க்கு முன் தொடங்கக் கூடாது என்று சொன்னது இதனால்தான். வேன் நேரம் உங்கள் கையில் இல்லை, சரி. மேட்ச் அன்று எழுகிறானே என்றால், பரபரப்பு ஒருநாள் தூக்கிவிடும், தினமும் தூக்காது.

சண்டை காலையில் நடந்தாலும் அதற்கு விதை ஞாயிற்றுக்கிழமையில் இருக்கிறது. மதியம் எழுந்தவனுக்கு அன்று ராத்திரி ஒரு மணிக்கு முன் எப்படித் தூக்கம் வரும்? விடுமுறை நாளிலும் பள்ளி நாளைவிட ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு மேல் தள்ள விடாதீர்கள். எழுந்ததும் ஜன்னலைத் திறந்து விடுங்கள், முடிந்தால் கால் மணி நேரம் வெளியில் நிற்கட்டும். கடிகாரத்தை முன்னால் இழுப்பதற்குக் காலை வெளிச்சத்தைவிட நல்ல மருந்து இல்லை. படுக்கும் நேரத்தை ஒரேயடியாக மாற்றாமல் சில நாளுக்கு ஒருமுறை 15 நிமிடம் முன்னால் கொண்டு வாருங்கள். சாயங்காலத்துக்கு மேல் காபி, டீ வேண்டாம். போன்கள் எல்லாம் ராத்திரி ஹாலில் சார்ஜ் ஆகட்டும். எல்லாம் என்றால் அவன் அப்பாவுடையதும்தான்.

அப்புறம், 5.45 எதற்கு? அந்த முக்கால் மணி நேரமும் நீங்கள் துண்டு துண்டாக வெட்டிப்போடும் தூக்கம் அவனுக்கும் உதவவில்லை, உங்களுக்கும் உதவவில்லை. பையும் சீருடையும் ராத்திரியே தயாராக இருந்தால் 6.25க்கு எழுந்தால் போதும். இதை ஒரு சனிக்கிழமை மதியம், எல்லாரும் நல்ல மனநிலையில் இருக்கும்போது பேசி முடிவு செய்யுங்கள். கட்டிலிலிருந்து எட்டாத தூரத்தில் அவனே அலாரம் வைக்க வேண்டும். அது அடித்த பிறகு ஒரே ஒரு குரல், அதுவும் ஒரு வாரம் நீங்கள், மறு வாரம் அவன் அப்பா. வேன் போய்விட்டால் ஏன் தாமதம் என்று வகுப்பாசிரியரிடம் அவனே சொல்லட்டும். முதல் இரண்டு வாரம் சொதப்பத்தான் செய்வான், அப்போது நீங்கள் பழையபடி எட்டு தடவை எழுப்பாமல் இருப்பதுதான் கஷ்டம்.

போதுமான நேரம் தூங்கியும் பகலில் அசந்து போகிறான், பலமாகக் குறட்டை விடுகிறான், பிடித்த விஷயங்களில்கூட ஆர்வம் போய்விட்டது என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள். ரத்தசோகை, மூச்சுத் தடை, மனச்சோர்வு எதுவாகவும் இருக்கலாம்.

இன்னொன்று. செவ்வாய்க்கிழமை மோசம் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். உடம்புக் கடிகாரத்துக்குக் கிழமை தெரியாது. அன்றைக்கு என்ன பாடம், யார் வகுப்பு, வேனில் யார் பக்கத்தில் உட்காருகிறான்? விசாரணை மாதிரி வேண்டாம். எங்கேயாவது சேர்ந்து நடந்து போகும்போது, முகத்தைப் பார்க்காமல், "செவ்வாய்க்கிழமைன்னா உனக்குப் பிடிக்கலையோ?" என்று மட்டும் கேளுங்கள். ஏதாவது சொன்னால் அன்றே பள்ளிக்குப் போன் போட்டுவிடாமல், முழுதாகச் சொல்லி முடிக்கும் வரை கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள்.