பாய்மரமா, கூம்பா, கொடிமரமா? கப்பல் உறுப்புகளுக்குத் தமிழில் பெயர் எழுதுவது எப்படி

கேள்வி: ஐயா, வணக்கம். நான் தேவிபட்டினத்துக்கு அருகில் ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். பள்ளிக் கண்காட்சிக்காக ஐரோப்பியப் பாய்க்கப்பல் ஒன்றின் மாதிரியையும், நம் கரையில் ஓடிய வத்தை என்னும் பாய்மரப் படகு ஒன்றின் மாதிரியையும் மாணவர்கள் செய்திருக்கிறார்கள். உறுப்புகளுக்குத் தமிழில் பெயர்ச்சீட்டு ஒட்ட வேண்டும். அகராதியைப் பார்த்தால் 'மாஸ்ட்' என்பதற்குப் பாய்மரம், கூம்பு, கொடிமரம், கம்பம் என்று இருப்பதோடு, மரக்கொட்டை என்றும் ஒரு பொருள் இருக்கிறது. 'யார்டு' என்பதற்கு முற்றம், கெஜம் என்றும், 'ஷீட்' என்பதற்குத் தாள், விரிப்பு என்றும் வருகிறது. வத்தையில் தொழில் செய்த என் அப்பா பருமல், ஆஞ்சான் என்று வேறு பெயர்கள் சொல்கிறார். அவை கொச்சைச் சொற்களா? பெயர்ச்சீட்டில் எதை எழுதலாம்?

பதில்: அன்புள்ள ஆசிரியைக்கு வணக்கம். முதலில் உங்கள் கடைசிக் கேள்விக்கு விடை சொல்லிவிடுகிறேன். உங்கள் அப்பா சொல்லும் சொற்கள் கொச்சை அல்ல. பருமலும் ஆஞ்சானும் நீங்கள் தேடும் பொருளை மிகச் சரியாகக் குறிக்கும் தொழிற்சொற்கள். உங்கள் வீட்டுத் திண்ணையில் இருக்கும் சொல்லை விட்டுவிட்டு, முற்றம் என்றும் தாள் என்றும் அகராதியில் தேடியதால்தான் இந்தக் குழப்பம் வந்தது.

'மாஸ்ட்' என்பதற்குப் பாய்மரம் என்றே எழுதுங்கள். நம் கரையில் பேச்சு வழக்கில் இதைப் பாமரம் என்பார்கள். பாயைத் தாங்கும் மரம் என்று செய்யும் வேலையைச் சொல்லியே பெயர் அமைந்திருப்பதால், மாணவர் எவருக்கும் இதற்கு விளக்கம் தேவைப்படாது. அகராதியில் நீங்கள் கண்ட மரக்கொட்டை என்பது, எழுத்தும் ஒலிப்பும் ஒன்றாக அமைந்துவிட்ட வேறொரு சொல்லின் பொருள். ஓக், பீச் முதலிய மரங்களிலிருந்து உதிரும் கொட்டைகளுக்கும் ஆங்கிலத்தில் அதே பெயர் உண்டு. முற்காலத்தில் ஐரோப்பியக் காடுகளில் பன்றிகளை அந்தக் கொட்டைகளைத் தின்ன விடுவார்கள். அந்த மரங்கள் சில ஆண்டுகளில் அளவுக்கு மிஞ்சிக் காய்க்கும். அந்த ஆண்டை 'மாஸ்ட் இயர்' என்பார்கள். கணினியின் மொழிபெயர்ப்பை நம்பி இதைப் பாய்மர ஆண்டு என்று எழுதிவிடக் கூடாது.

கம்பம் என்ற பொருள் கப்பலிலிருந்து கரையேறியது. வானொலி, தொலைபேசி அலைகளுக்காக நடும் உயரமான கம்பத்தையும் ஆங்கிலத்தில் இதே சொல்லால் அழைக்கிறார்கள். பொறியாளர்கள் இதில் ஒரு நுட்பமான வேறுபாடு காட்டுவதுண்டு. நாற்புறமும் கம்பிகளால் இழுத்துக் கட்டி நிறுத்தப்படுவது கம்பம். தன் அடித்தளத்தின் வலிமையிலேயே நிற்பது கோபுரம். இராமேஸ்வரத்தில் 323 மீட்டர் உயரத்துக்கு நிற்கும் தொலைக்காட்சிக் கோபுரம் இரண்டாவது வகையைச் சேர்ந்தது. கப்பலின் பாய்மரமும் பெரும்பாலும் கயிறுகளின் இழுப்பில்தான் நிமிர்ந்து நிற்கிறது என்பதை எண்ணிப் பார்த்தால், கம்பத்துக்கு அந்தப் பெயர் போன காரணம் விளங்கும்.

கொடிமரம் என்ற சொல்லைக் கப்பலுக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று உறுதியாகவே சொல்வேன். கோயிலிலும் தேவாலயத்திலும் தர்காவிலும் கொடியேற்றும் மரத்துக்கு உரிய பெயர் அது. ஏர்வாடி தர்காவின் சந்தனக்கூடு விழாவுக்குக் கொடியேறுவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளையிடம், பாய் கட்டிய மரத்தைக் காட்டிக் கொடிமரம் என்றால் அது குழம்பும். பாய்மரத்தின் உச்சியில் கொடி பறக்கலாம்; ஆனால் அந்த மரம் அங்கே நிற்பது பாய்க்காக. துக்க நாளில் கொடியைத் தாழ்த்திப் பறக்கவிடும் வழக்கத்துக்கும் ஆங்கிலத்தில் இந்தச் சொல்லே வருகிறது. அந்த இடத்தில் மட்டும் அரைக்கம்பம் என்பது நிலைபெற்ற தமிழ் வழக்கு.

கூம்பு என்பது பழைய, அழகான சொல். அடி பருத்து மேலே செல்லச் செல்ல ஒடுங்கும் பாய்மரத்தின் வடிவத்தை அப்படியே காட்டுவது. புறநானூற்றின் 30ஆம் பாடலில், உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளியின் புகாரைப் பற்றிச் சொல்லும்போது, 'கூம்பொடு மீப்பாய் களையாது மிசைப்பரம் தோண்டாது' பெருங்கலம் உள்ளே புகுந்தது என்கிறார். பாய்மரத்தையும் அதன் மேற்பாயையும் கழற்றாமல், ஏற்றிய பாரத்தையும் இறக்காமல் அது நேரே ஆற்றுமுகத்தில் நுழைந்தது என்பது பொருள். துறைமுகத்தின் ஆழத்தைப் புகழ்வதற்காகச் சொன்ன இந்த வரி, கப்பலைப் பற்றி நமக்கு வேறொரு செய்தியையும் தருகிறது. ஆழம் குறைந்த முகத்துவாரங்களில் கூம்பைக் கழற்றிப் படுக்க வைப்பதும் பாரத்தைக் குறைப்பதும் அக்கால வழக்கமாக இருந்திருக்க வேண்டும். இல்லையென்றால் கழற்றாமல் வந்ததைப் பெருமையாகச் சொல்லத் தேவையில்லை. நம் பாம்பனில் நிலைமை நேர்மாறானது. அங்கே 1914இல் திறக்கப்பட்ட ரயில் பாலத்தில் நடுப்பகுதி இரண்டாகப் பிரிந்து மேலெழுந்து கலங்களுக்கு வழிவிட்டது. 2025இல் திறக்கப்பட்ட புதிய பாலத்தில் நடுப்பகுதி செங்குத்தாக உயர்கிறது. கலம் கூம்பைக் களைவதற்குப் பதிலாகப் பாலமே எழுந்து கொடுக்கிறது.

குலசேகர ஆழ்வாரும் இந்தச் சொல்லை ஆள்கிறார். நடுக்கடலில் எங்கு பறந்தும் கரை காணாமல் மீண்டும் கப்பலுக்கே திரும்பும் பறவையை 'வங்கத்தின் கூம்பேறும் மாப்பறவை' என்று பாடுகிறார். வங்கம் என்பது கப்பல். பாயைக் குறிக்க மதுரைக்காஞ்சியில் 'இதை' என்றொரு சொல் வருகிறது. அது இன்று எங்கும் வழக்கில் இல்லை. உங்கள் பெயர்ச்சீட்டில் பாய்மரம் என்று பெரிதாகவும், அதன் கீழே பழந்தமிழில் கூம்பு என்று சிறிதாகவும் எழுதலாம். கூம்பு என்று மட்டும் எழுதினால், இன்றைய மாணவருக்குக் கணக்குப் பாடத்தின் கூம்புதான் நினைவுக்கு வரும்.

இனி ஐரோப்பிய மாதிரிக்கு வருவோம். அதில் மூன்று பாய்மரங்கள் இருந்தால், அவற்றுக்கு ஆங்கிலத்தில் தனித்தனிப் பெயர்கள் உண்டு. முன்னால் நிற்பது 'ஃபோர்மாஸ்ட்', நடுவில் மிக உயரமாக நிற்பது 'மெயின்மாஸ்ட்', பின்னால் நிற்பது 'மிசன்மாஸ்ட்'. தமிழில் முன்பாய்மரம், பெரும்பாய்மரம், பின்பாய்மரம் என்று எழுதினால் போதும். கப்பலின் மூக்கிலிருந்து முன்னோக்கிச் சாய்வாக நீளும் மரத்தை மாணவர்கள் நான்காவது பாய்மரமாக எண்ணிவிடுவார்கள்; அதைப் பாய்மரக் கணக்கில் சேர்ப்பதில்லை. கலத்தின் முன்பகுதிக்கு நம் கரையில் அணியம் என்று பெயர் இருப்பதால், அந்த மரத்தை அணியத்து நீட்டுமரம் என்று எழுதலாம். பெரிய கப்பல்களில் ஒரே பாய்மரம் இரண்டு அல்லது மூன்று துண்டுகளாக ஒன்றன் மேல் ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். அத்தனை உயரத்துக்கு ஒரே மரம் கிடைப்பது அரிது என்பது ஒரு காரணம். புயலில் மேல்துண்டை மட்டும் இறக்கிவிடலாம் என்பது இன்னொரு காரணம். மாதிரியில் அந்த இணைப்புகள் தெரிந்தால் அடித்துண்டு, மேல்துண்டு, உச்சித்துண்டு என்று எளிமையாகக் குறியுங்கள்.

உங்களை அதிகம் குழப்பிய 'யார்டு' என்பது, பாயின் மேல்விளிம்பைக் கட்டுவதற்காகப் பாய்மரத்தில் தொங்கவிடும் நீண்ட மரம். அதுதான் உங்கள் அப்பா சொன்ன பருமல். முற்றத்துக்கும் கெஜத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. இரண்டு மாதிரிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், மாணவர்கள் கற்க வேண்டிய மிக முக்கியமான வேறுபாடு இங்கேதான் தெரியும். ஐரோப்பியப் பெருங்கப்பலில் பருமல், பாய்மரத்துக்குக் குறுக்கே சிலுவைபோல் கிடைமட்டமாக நிற்கும். அதிலிருந்து நாற்சதுரப் பாய் தொங்கும். நம் கரையின் கலங்களில் பாய்மரம் குட்டையாகவும், பருமல் அதைவிட நீளமாகவும் இருக்கும். பருமலின் ஒரு முனை அணியத்தை நோக்கித் தாழ்ந்தும் மறுமுனை வானை நோக்கி உயர்ந்தும் சரிந்து நிற்க, அதில் முக்கோணப் பாய் விரியும். காற்றைப் பக்கவாட்டில் வாங்கி ஓடுவதற்கு இந்தப் பாய் மிக ஏற்றது. தொலைவிலிருந்து பார்ப்பவர் சரிந்து உயர்ந்த பருமலையே பாய்மரம் என்று எண்ணிவிடுவார். பெயர்ச்சீட்டு ஒட்டும் மாணவரும் அதே தவற்றைச் செய்யக்கூடும் என்பதால் இந்த இடத்தை நீங்களே சரிபாருங்கள்.

'ஷீட்' என்ற சொல்லில் மொழிபெயர்ப்பாளர்கள் பலர் வழுக்கி விழுந்திருக்கிறார்கள். விரிப்பு என்ற பொருளை நினைத்து அதைப் பாய் என்று எழுதிவிடுகிறார்கள். கப்பலில் அது பாய் அல்ல. பாயின் கீழ்மூலையில் கட்டி, காற்றுக்கு ஏற்ப இழுக்கவும் தளர்த்தவும் செய்யும் கயிறு. இதற்குத் தாமான் என்ற சொல் தமிழில் உண்டு. பருமலையும் பாயையும் மேலே ஏற்றுவதற்குக் கப்பி வழியாக ஓடும் கயிறு ஆஞ்சான். ஆஞ்சானை இழுத்தால் பாய் ஏறும். தாமானை இழுத்தால் ஏறிய பாய் காற்றைப் பிடிக்கும். இவ்விரண்டும் ஓயாமல் வேலை செய்யும் கயிறுகள். பாய்மரத்தை அணியத்தோடும் இரு பக்க விளிம்புகளோடும் இழுத்துக் கட்டியிருக்கும் கயிறுகள் அசையாமல் நிற்பவை. பாய்மரம் முறியாமல் காப்பது மட்டுமே அவற்றின் வேலை. ஐரோப்பிய மாதிரியில் பக்கக் கயிறுகளுக்கு இடையே ஏணிப்படிபோல் குறுக்குக் கயிறுகள் கட்டியிருக்கும். மாலுமிகள் அவற்றின் வழியாகத்தான் மேலேறுவார்கள். நம் வத்தையில் பருமலையே கீழே இறக்கிவிட முடியும் என்பதால் அந்த ஏணி தேவைப்படவில்லை.

உங்கள் மாணவர்கள் செய்த வத்தையில் எத்தனை பாய்மரங்கள் என்று நீங்கள் எழுதவில்லை. பாக்கு நீரிணையை ஒட்டிய கரையில் மூன்று பாய்மரங்கள் வரை கொண்ட வத்தைகள் ஓடியிருக்கின்றன. சிறிய கலத்துக்கு எதற்கு மூன்று என்று ஒரு மாணவர் நிச்சயம் கேட்பார். விடை கடலின் ஆழத்தில் இருக்கிறது. நாம் வடகடல் என்று சொல்லும் பாக்கு விரிகுடாவின் பெரும்பகுதி பதினைந்து மீட்டர் ஆழம்கூட இல்லாதது. கரையோரம் நெடுந்தொலைவுக்கு இடுப்பளவு நீர்தான். அங்கே ஆழமாக அமிழும் அடிப்பகுதி தரைதட்டும். ஆகையால் வத்தையின் அடி தட்டையாக அமைந்தது. தட்டை அடியுள்ள கலத்தில் ஒரே உயரமான பாய்மரத்தை நட்டுப் பெரிய பாயைக் கட்டினால், காற்றின் விசை உயரத்தில் தாக்கிக் கலத்தைச் சாய்த்துவிடும். அதே பரப்பளவுள்ள பாயை மூன்றாகப் பிரித்துத் தாழ்வான மரங்களில் கட்டினால் விசை கீழேயே தாக்கும். அதுவும் போதாதபோது, காற்று வரும் பக்கம் நீண்ட பலகை ஒன்றை வெளியே நீட்டி, ஆட்கள் அதில் ஏறி அமர்ந்து தங்கள் எடையால் கலத்தைச் சமன்செய்வார்கள். மாதிரியில் அந்தப் பலகை விடுபட்டிருந்தால் தயவுசெய்து சேர்த்துவிடுங்கள். அது இல்லாத வத்தை, வடகடலின் வத்தையாக இராது.

பல பாய்மரங்கள் என்பது நம் கரைக்குப் புதிதும் அல்ல. சோழமண்டலக் கரையில் கிடைத்த சாதவாகனர் காசுகளில் இரண்டு பாய்மரங்கள் கொண்ட கப்பல் பொறிக்கப்பட்டிருக்கிறது. உங்கள் ஊருக்குத் தெற்கே, வைகையின் முகத்துவாரத்துக்கு அருகிலுள்ள அழகன்குளத்தில் அகழாய்வில் கிடைத்த பானை ஓடு ஒன்றில் கப்பலின் கீறல் உருவம் இருக்கிறது; அது மூன்று பாய்மரங்கள் கொண்ட ரோமானியக் கப்பல் என்று ஆய்வாளர்கள் கருதியிருக்கிறார்கள். அந்தப் படத்தை இரண்டு மாதிரிகளுக்கும் நடுவில் வைக்க முடிந்தால் கண்காட்சி நிறைவு பெறும்.

பாய்மரத்துக்கு நேராக வளர்ந்த, முடிச்சில்லாத மரம் வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையில் உயர்ந்து வளரும் புன்னை இனத்து மரங்களை ஆங்கிலேயர் கப்பல்களின் பாய்மரத்துக்கும் பருமலுக்கும் பயன்படுத்தினார்கள். அந்த மரத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'பூன்' என்ற பெயர் நம் புன்னையோடு தொடர்புடையதே.

கப்பலின் மற்ற உறுப்புகளுக்கும் ஆட்களுக்கும் சீட்டு எழுதும்போது, அயல்மொழியிலிருந்து வந்த சொற்களைக் கண்டு தயங்க வேண்டாம். சுக்கான் அரபியிலிருந்து வந்தது. மாலுமியும் அப்படியே, கற்பிப்பவர் என்ற பொருளுடைய 'முஅல்லிம்' என்ற அரபுச் சொல், இந்தியப் பெருங்கடலில் கப்பலுக்கு வழிகாட்டுபவரைக் குறித்து, தமிழில் மாலுமி ஆகி, இன்று கப்பலில் வேலை செய்யும் எல்லோருக்கும் பொதுப்பெயராகிவிட்டது. கீழக்கரையும் தொண்டியும் அரபு நாட்டுக் கலங்களோடு நெடுங்காலம் வாணிகம் செய்த துறைகள் என்பதற்கு இந்தச் சொற்களே சாட்சி. அடிமரத்துக்கு ஏரா, அதிலிருந்து விலா எலும்புபோல் எழும் வளைமரங்களுக்கு வங்கு என்று எழுதுங்கள். ஆங்கிலக் கடற்கதைகளை மாணவர்கள் படித்தால், ஒருவர் 'மாஸ்டுக்கு முன்னால்' வேலை செய்தார் என்ற தொடர் வரக்கூடும். சாதாரண மாலுமிகளின் தங்குமிடம் முன்பாய்மரத்துக்கு முன்னே இருந்ததால், கடைநிலை மாலுமியாக வேலை பார்த்தார் என்பதே அதன் பொருள்.

சீட்டுகளை அச்சிடுவதற்கு முன் ஒரு மாலைப்பொழுதில் உங்கள் அப்பாவை அந்த மாதிரியின் முன் உட்கார வைத்து, ஒவ்வொரு மரத்தையும் கயிற்றையும் தொட்டுக் காட்டி, அவர் சொல்லும் பெயரை அவர் ஒலிக்கும் விதத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். நான் மேலே தந்த சொல்லும் அவர் சொல்லும் வேறுபட்டால், வத்தையின் சீட்டில் அவர் சொல்லே முதலில் வரட்டும். தென்கடல் என்னும் மன்னார் வளைகுடாப் பக்கம் ஏர்வாடியிலோ வாலிநோக்கத்திலோ தொழில் செய்த ஒருவரையும் அழைத்துக் கேட்க முடிந்தால், அவர் தரும் பெயரை ஊர்ப்பெயரோடு சேர்த்து அடுத்த வரியில் எழுதுங்கள்.