‘குறைந்தது’ என்றால் எந்தப் பக்கம்?

கேள்வி: சுங்கை சிப்புட் தோட்டப்புறத்தில் வசிக்கிறோம். தமிழ்ப்பள்ளி முடித்துப் படிவம் ஒன்றில் படிக்கும் என் மகள், சமனிலிக் கணக்குகளில் ‘சிறியது’, ‘பெரியது’ என்ற குறியைத் திருப்பிப் போட்டுவிடுகிறாள். எண்கோட்டில் வட்டத்தை எப்போது நிரப்புவது என்றும் குழம்புகிறாள். வீட்டில் நான் எப்படி உதவுவது?

பதில்: உங்கள் மகளின் தடுமாற்றம் பெரும்பாலும் கணக்கில் இல்லை, சொல்லில் இருக்கிறது. மலாயில் ‘செக்குராங்-குராங்ஞா 16’ என்று வினா வரும்போதும், அதையே நாம் ‘குறைந்தது 16’ என்று தமிழில் சொல்லும்போதும், இரண்டு சொற்களிலும் ‘குறைவு’ இருப்பதால் பிள்ளைகள் ‘சிறியது’ என்ற குறியைப் போட்டுவிடுகிறார்கள். ஆகவே, சொல்லைப் பார்த்துக் குறி போடாமல், மூன்று எண்களை வைத்துப் பார்த்த பிறகே குறி போடும் பழக்கத்தை அவளுக்கு ஏற்படுத்துங்கள்.

நம் மலேசியாவில் மோட்டார் சைக்கிள் உரிமத்திற்குக் குறைந்தது 16 வயது ஆகியிருக்க வேண்டும். 15 வயதுப் பையனுக்கு உரிமம் கிடைக்குமா என்று கேளுங்கள். பிறகு 16, 17 வயதுகளுக்கும் கேளுங்கள். முதலாவதற்கு ‘இல்லை’, மற்ற இரண்டிற்கும் ‘ஆம்’ என்று அவளே சொல்வாள். வயதை ‘வ’ எனக் கொண்டால் வ ≥ 16 (16 அல்லது அதற்கு மேல்) என்பது தானாகவே கிடைத்துவிடும்.

வட்டத்திற்கான விடையும் இதே மூன்று கேள்விகளில்தான் இருக்கிறது. நடுவில் நிற்கும் 16 பொருந்துவதால் அதன்மீது நிரப்பிய வட்டம் வரைந்து, அங்கிருந்து வலப்புறமாக அம்புக்குறி இட வேண்டும். வினா ‘16-ஐ விட அதிகம்’ என்றிருந்தால் 16 பொருந்தாது; அப்போது வட்டம் வெறுமையாக இருக்கும். வயது பதினாறரையாகவும் இருக்கலாம் என்பதால் கோடு தொடர்ச்சியாகச் செல்கிறது. லோரியில் ஏற்றிய செம்பனைக் குலைகளின் எண்ணிக்கையோ முழு எண்ணாகத்தான் இருக்கும் என்பதால், அங்கே தனித்தனிப் புள்ளிகளே சரி.

குறி உண்மையிலேயே திரும்ப வேண்டிய முக்கியமான இடம்: இருபுறமும் எதிர்மறை எண்ணால் பெருக்கும்போது அல்லது வகுக்கும்போது. இதை மனப்பாடமாகச் சொல்லித் தராமல், எண்கோட்டில் 2-ஐயும் 5-ஐயும் குறிக்கச் சொல்லுங்கள். −1-ஆல் பெருக்கினால் இரண்டும் பூச்சியத்தின் மறுபுறம் செல்கின்றன. வலப்பக்கம் இருந்த 5, இடப்பக்கக் கடைசிக்குப் போய்விடுகிறது. 2 < 5 என்பது −2 > −5 ஆவதை அவள் கண்ணாலேயே பார்ப்பாள். அதன்பின் −2வ < 6 என்பதை −2-ஆல் வகுத்து வ > −3 என்று எழுதட்டும். சரிபார்க்க 0-ஐ வைத்தால் 0 < 6, உண்மை. −4-ஐ வைத்தால் 8 < 6, பொய். எனவே −3-இல் வெறும் வட்டம், அம்பு வலப்புறம்.